பாவால் வழக்கின் இரண்டாம் பருவம்: கல்கத்தா உயர் நீதிமன்றம், 1938–1940

நீதிமன்றத் தொலைக்காட்சித் தொடர்களின் இரண்டாம் பருவம் பெரும்பாலும் புதிய வழக்கோடுதான் தொடங்குகிறது. ‘கிரிமினல் ஜஸ்டிஸ்’ இந்தித் தொடரின் இரண்டாம் பருவம் 2020 டிசம்பரில் வெளிவந்தபோது வழக்கறிஞர் மாதவ் மிஸ்ரா தொடர்ந்தார். குற்றமும் குற்றம் சாட்டப்பட்டவரும் மாறியிருந்தனர். மெய்யான நீதிமன்றத்தின் இரண்டாம் பருவம் மேல்முறையீடு. அங்கே அதே மனிதர்கள், அதே நிகழ்ச்சி, அதே கேள்வி. சாட்சிக் கூண்டு மட்டும் காலியாக இருக்கும். முதல் நீதிமன்றம் கேட்டதை இரண்டாம் நீதிமன்றம் படிக்கிறது. திரைக்கதை ஆசிரியர்கள் இந்தக் கட்டத்தைத் தவிர்ப்பதில் வியப்பில்லை. அச்சிட்ட தாள்களைப் புரட்டும் மூன்று நீதிபதிகளைக் காட்டி எவரை இருக்கையில் பிடித்துவைக்க முடியும்?

பாவால் சந்நியாசி வழக்கு இதற்கு விலக்கு. வங்காளிகள் இந்தக் கதையை அலுக்காமல் திரும்பத் திரும்பப் படமாக்கியிருக்கிறார்கள். 1975இல் உத்தம் குமார் நடித்த ‘சந்நியாசி ராஜா’, 2017இல் ஸ்டார் ஜல்சாவில் அதே பெயரில் ஒரு நெடுந்தொடர், 2018இல் ஸ்ரீஜித் முகர்ஜியின் ‘ஏக் ஜே சிலோ ராஜா’. மூன்றாவதற்குச் சிறந்த வங்காளப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. அதில் எதிரெதிர் வழக்கறிஞர்களாக அபர்ணா சென்னும் அஞ்சன் தத்தும் வருகிறார்கள். திரைக்கு வேண்டியது சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்த மனிதர். வரலாற்று மாணவருக்கும் மொழியியல் மாணவருக்கும் வேண்டிய பகுதி பிற்பாடு, கல்கத்தாவில் நடந்தது. ஒரு மனிதரின் பேச்சு காகிதமாக மாறிய பின் அதைக் கொண்டு அவர் யார் என்று சொல்ல முடியுமா என்ற கேள்வி அங்கேதான் கூர்மையடைந்தது.

முதல் பருவத்தின் கதைச்சுருக்கம் தேவை. டாக்கா மாவட்டத்தின் பெரிய ஜமீன்களில் ஒன்று பாவால். அரண்மனை ஜெய்தேப்பூரில் இருந்தது. ராஜா ராஜேந்திர நாராயண் ராய் 1901இல் இறந்தபோது மூன்று மகன்களையும் மூன்று மகள்களையும் விட்டுச் சென்றார். நடு மகன் ரமேந்திர நாராயண், 1884இல் பிறந்தவர். ஊராருக்கு ‘மேஜோ குமார்’, அதாவது நடுக்குமாரர். வேட்டை, யானை, குதிரை, பெண்கள் என்று பொழுது போக்கியவர். படிப்பில் நாட்டமில்லை, மேகநோய் கண்டிருந்தது. 1909 ஏப்ரலில் மனைவி பிபாவதி, மைத்துனர் சத்யேந்திரநாத் பானர்ஜி, பணியாட்கள் சூழ தார்ஜிலிங் சென்றார். தங்கிய வீட்டின் பெயர் ‘ஸ்டெப் அசைட்’. (தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் 1925இல் உயிர் நீத்ததும் இதே வீட்டில்தான்.) மே மாதம் நடுக்குமாரர் இறந்ததாகவும் எரியூட்டப்பட்டதாகவும் செய்தி வந்தது. அடுத்த நான்கே ஆண்டுகளில் மற்ற இரு சகோதரர்களும் இறந்தனர். ஆண் வாரிசற்ற ஜமீன் ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ நிர்வாகத்துக்குப் போயிற்று. இளம் விதவை பிபாவதி கல்கத்தாவில் அண்ணனோடு வாழ்ந்தார்.

1921 தொடக்கத்தில் டாக்காவின் பக்லண்ட் கரையில், புரிகங்கை ஓரமாக, உடலெங்கும் நீறு பூசிய சடாமுடிச் சாமியார் ஒருவர் அமர்ந்திருந்தார். முகச்சாயலைக் கண்டு ஊர் பேசத் தொடங்கியது. ஏப்ரலில் அவரை ஜெய்தேப்பூருக்கு அழைத்துச் சென்றனர். மே 4 அன்று திரண்டிருந்த கூட்டத்தின் முன் அவரைக் கேள்வி கேட்டார்கள். தம் பெயரைச் சொன்னார். தகப்பன் பெயரைச் சொன்னார். தாய் பெயரைச் சொன்னார். வளர்த்த செவிலித்தாயின் பெயர் கேட்கப்பட்டபோது ‘அலோகா’ என்றார். கூட்டம் ஆர்ப்பரித்தது. சகோதரி ஜோதிர்மயி அவரைத் தம்பியாக ஏற்றார், மனைவி ஏற்கவில்லை. ஜூன் 3 அன்று மாவட்டக் கலெக்டர் லிண்ட்சே, நடுக்குமாரரின் உடல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எரிந்து சாம்பலாகிவிட்டது, வந்திருப்பவர் போலி என்று அறிவிப்பு வெளியிட்டார். அதையொட்டி எழுந்த கலவரத்தில் ஓர் உயிரும் போயிற்று. போலி என்பதை நிறுவ அரசுத் தரப்பு பஞ்சாப் வரை ஆளனுப்பியது. சாமியாரின் உண்மைப் பெயர் மால் சிங், சொந்த ஊர் லாகூர் மாவட்டத்து ஔஜ்லா என்பது அங்கிருந்து கொண்டுவந்த செய்தி.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1930 ஏப்ரலில், சாமியார் வாதியாக நின்று ஜமீனில் தம் மூன்றிலொரு பங்கைக் கேட்டு டாக்காவில் வழக்குத் தொடுத்தார். அவர் சொன்ன கதை இது. இறந்ததாகக் கருதப்பட்ட உடலை இரவில் சுடுகாட்டுக்குத் தூக்கிச் சென்றனர். கடும் மழை பெய்தது. தூக்கி வந்தவர்கள் ஒதுங்க இடம் தேடி ஓடினர். உடலில் உயிர் இருப்பதைக் கண்ட நாகா சாதுக்கள் எடுத்துச் சென்று காப்பாற்றினர். நினைவு தப்பிய நிலையில் அவர்களோடு ஆண்டுக்கணக்கில் அலைந்தபின், கொஞ்சம் கொஞ்சமாக நினைவு திரும்பியது. 1933 நவம்பரில் நீதிபதி பன்னாலால் பாசு முன் விசாரணை தொடங்கியது. வாதிக்கு பி. சி. சாட்டர்ஜி, பிரதிவாதிகளுக்கு ஏ. என். சௌத்ரி. இரு தரப்பிலும் சேர்த்து ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட சாட்சிகள். 1936 ஆகஸ்ட் 24 அன்று பாசு வாதியின் பக்கம் தீர்ப்பளித்தார். தீர்ப்பு ஐந்நூறு பக்கங்களைக் கடந்தது.

இந்த விசாரணையில் ஒப்பிடப்பட்ட பொருள்களின் பட்டியல் மானுடவியல் அருங்காட்சியகம் ஒன்றை ஒத்தது. முடியின் செம்பட்டை நிறம், கண்மணியின் நிறம், பாதத்தின் செதிள்தோல், வண்டிச் சக்கரம் ஏறிய கணுக்கால் தழும்பு, செருப்பளவு, புகைப்படங்கள், கையொப்பங்கள். இவையெல்லாம் கண்ணால் காணக் கூடியவை, அளக்கக் கூடியவை. நீதிபதியும் இவற்றையே அடித்தளமாகக் கொண்டார்.

காதால் கேட்கக்கூடிய சான்றும் ஒன்று இருந்தது. அதுதான் பிரதிவாதித் தரப்பின் வலுவான ஆயுதமாகவும் தோன்றியது. 1921இல் சாமியார் பேசியது இந்தி. பின்னர் பேசிய வங்காளத்திலும் இந்தி வாடை இருந்தது. வாடை இருந்தது என்பதில் பெரிய சண்டை இல்லை. அதற்கான விளக்கத்தில்தான் சண்டை. இது வங்காளம் கற்றுக்கொண்ட பஞ்சாபியின் நாக்கு என்றது ஒரு தரப்பு. பன்னிரண்டு ஆண்டுகள் வடநாட்டுச் சாதுக்களோடு திரிந்த பாவால்காரரின் நாக்கு என்றது மறு தரப்பு. இதோடு இன்னொரு பூசலும் பின்னியிருந்தது. நடுக்குமாரர் ஆங்கிலம் அறிந்த, நாகரிகமான, மேல்நாட்டு விளையாட்டுகளில் பழகிய கனவான் என்று பிரதிவாதிகள் சித்திரித்தனர். மனைவிக்கு எழுதியதாகச் சில கடிதங்களையும் முன்வைத்தனர். குறுக்கு விசாரணையில் ஆங்கிலச் சொற்களையும் விளையாட்டுச் சொற்களையும் கேட்டு வாதியைத் திணறடித்தனர். வாதித் தரப்போ, நடுக்குமாரருக்குக் கையெழுத்துப் போடுவதைத் தாண்டி எழுத்தறிவே கிடையாது என்றது. ஆகவே வாதி திணறியது அவருக்கே சாதகமாயிற்று. பாசு கடிதங்களை நம்பவில்லை. தம் கட்சிக்காரரின் கணவரை உயர்த்திப் பேசப்போய், அந்த உயரத்தை எட்டாத வாதியைத் தோற்கடிக்கலாம் என்று போட்ட கணக்கு பொய்த்தது. ஜமீன்தார் மகன் ஒருவர் இவ்வளவு அறியாமையோடு இருந்திருக்க முடியாது என்ற கல்கத்தாப் படித்த வர்க்கத்தின் முன்முடிவு அந்தக் கணக்கில் இருந்தது. பாவால் குடியானவர்களுக்குத் தங்கள் குமாரரை நன்றாகவே தெரியும்.

மொழியைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் முயற்சிக்கு ஐரோப்பாவில் இரண்டு புகழ்பெற்ற முன்னோடிகள் உண்டு. 1560இல் துலூஸ் நீதிமன்றத்தில் நடந்த மார்ட்டின் கேர் வழக்கில், மார்ட்டினாக வந்திருந்தவருக்குப் பாஸ்க் மொழி வரவில்லை என்பது ஐயத்துக்கான காரணங்களில் ஒன்று. மார்ட்டினின் குடும்பம் பாஸ்க் நாட்டிலிருந்து குடிபெயர்ந்தது. ஆனால் மார்ட்டின் அப்போது சிறு குழந்தை. நீதிபதி ழான் டி கோராஸ் இதை எடை போட்டுப் பார்த்தார். 1870களில் லண்டனைக் கலக்கிய டிச்போர்ன் வழக்கில் இந்தச் சான்று மேலும் கடுமையாக வெட்டியது. காணாமற்போன ரோஜர் டிச்போர்ன் பாரிஸில் பிரெஞ்சு பேசி வளர்ந்தவர். ஆஸ்திரேலியாவின் வாகா வாகாவிலிருந்து வந்த உரிமைகோரிக்குப் பிரெஞ்சு தெரியவில்லை. இளமை முழுவதும் பேசிய மொழி இருபதாண்டுகளில் அடியோடு அழிந்துபோகுமா என்று கேட்டார்கள். அவருக்குப் பொய்ச்சாட்சியக் குற்றத்துக்காகப் பதினான்கு ஆண்டுச் சிறை கிடைத்தது.

பாவால் வாதி தாய்மொழியை இழந்தவரல்லர். அவரிடம் வங்காளம் இருந்தது; ஒலி மாறியிருந்தது. முதல்மொழித் தேய்வு பற்றிய இன்றைய ஆய்வுகள் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துகின்றன. வளர்ந்தபின் வேற்றுமொழிச் சூழலுக்குப் போனவரிடம் இலக்கணச் சட்டகம் எளிதில் குலைவதில்லை. சொற்கள் நழுவும், உச்சரிப்பு நகரும். தார்ஜிலிங் சென்றபோது ரமேந்திரருக்கு இருபத்து நான்கு வயது. அந்த வயதில் பிரிந்தவர் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அயல் வாடையோடு பேசுவது நடக்கக் கூடியதே. வங்காளத்தைப் பின்னாளில் கற்ற ஒருவர் அதே வாடையோடு பேசுவதும் நடக்கக் கூடியதே. வாடை மட்டும் எதையும் தீர்க்காது. தீர்க்க வல்லவை நுண்ணிய கூறுகள். கிழக்கு வங்காள வழக்குகளில் சொல்லின் முதலில் வரும் ஷகரம் ஹகரமாவது, சகரத்தின் ஒலிப்பு மேற்கிலிருந்து விலகுவது, மூச்சொலி மெய்கள் மூச்சை இழப்பது போன்றவை ஒருவர் அறியாமலே நாக்கில் தங்குபவை. கல்கத்தாவில் ஆசிரியர் வைத்துக் கற்றுக்கொண்ட பஞ்சாபிக்கு இவை வாய்ப்பது அரிது.

இந்த வழக்குகளைப் பதிவு செய்யும் வேலை அப்போது நடந்தேயிருந்தது. கிரியர்சனின் இந்திய மொழிகளின் அளவாய்வில் வங்காளத்துக்கான பகுதி 1903இல் வெளிவந்தது. கிளைவழக்குகளை ஒப்பிட அவர் எல்லாவற்றிலும் மொழிபெயர்க்கச் செய்த பொது உரை, விவிலியத்தின் ஊதாரி மைந்தன் கதை. தொலைந்துபோன மகன் வீடு திரும்பும் அந்தக் கதையை டாக்கா மாவட்ட வழக்கிலும் அச்சேற்றிய நூல் அரசின் அலமாரியிலேயே இருந்தது. கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரல் கிராமபோன் தட்டில் ஏறியது 1902இல். ஆனாலும் நீதிமன்றத்துக்குக் குரலைப் பிடித்துவைக்கும் வழி இல்லை. வாக்குமூலம் எழுதும் வழி மட்டுமே இருந்தது.

அந்த வழி எப்படிப்பட்டது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1908ஆம் ஆண்டு உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின்படி, மேல்முறையீட்டுக்கு உரிய வழக்குகளில் சாட்சியம் சாதாரணமாகக் கேள்வி-பதிலாக எழுதப்படுவதில்லை. கோவையான விவரணையாக எழுதப்படும். தேவையெனக் கருதினால் குறிப்பிட்ட கேள்வியையும் பதிலையும் அப்படியே எழுதலாம். சாட்சியின் நடத்தை பற்றித் தமக்கு முக்கியமாகப் படுவதை நீதிபதி குறித்துவைக்கலாம். ஆங்கிலத்தில் பதிவு செய்யவும் சட்டம் இடமளித்தது. பாவால் குடியானவர் ஒருவர் கூண்டில் நின்று சொன்னது இவ்வாறு தன்மைப் பேச்சுப் போன்ற ஆங்கில விவரணையாக மாறியது. கேள்வி மறைந்தது, தயக்கம் மறைந்தது, ஹகரமும் மறைந்தது. நாஞ்சில் நாட்டுக்காரர் ஒருவரின் பேச்சை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, அதை வைத்து அவர் நாஞ்சில் நாட்டவரா என்று இன்னொருவரைத் தீர்மானிக்கச் சொல்வது போன்றது இது. மொழிச்சான்றைப் பொறுத்தவரை டாக்கா நீதிபதியின் காது மட்டுமே கருவி. அந்தக் காது கேட்டதில், அவர் எழுதிவைத்தது மட்டுமே கல்கத்தாவுக்குப் பயணப்பட்டது.

1936 அக்டோபரில் பிபாவதியும் மற்றவர்களும் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தனர். மேல்முறையீட்டுக்கான ‘பேப்பர் புக்’ தயாராகவே நாளாயிற்று. வாக்குமூலங்களும் ஆவணங்களும் அச்சேறி முடிந்தபோது பதினோராயிரம் பக்கங்களைத் தாண்டின. ஈப்ரு நகரத் துணிக்கூடத்தின் சாயலில் 1872இல் எழுப்பப்பட்ட அந்தக் கோதிக் கட்டடத்தில், 1938 நவம்பரில் சர் லியனார்ட் காஸ்டெல்லோ, சாரு சந்திர பிஸ்வாஸ், ரொனால்ட் லாட்ஜ் ஆகிய மூவர் அமர்வு கேட்கத் தொடங்கியது. டாக்காவில் மோதிய அதே சௌத்ரியும் அதே சாட்டர்ஜியும் மீண்டும் எதிரெதிரே நின்றனர். 1939 ஆகஸ்ட் வரை வாதம் நீண்டது. சாட்சிகள் திரும்ப அழைக்கப்படவில்லை. துலூஸில் மார்ட்டின் கேரின் மேல்முறையீடு முடியும் தறுவாயில் மரக்காலோடு உண்மையான மார்ட்டின் நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். கல்கத்தாவின் இரண்டாம் பருவத்தில் புதிய பாத்திரம் எதுவும் நுழையவில்லை. மாறாக, ஒரு முக்கியப் பாத்திரம் வெளியேறியது.

வாதம் முடிந்ததும் காஸ்டெல்லோ விடுப்பில் இங்கிலாந்து சென்றார். செப்டம்பரில் போர் வெடித்தது. அவரால் திரும்ப முடியவில்லை. தம் கருத்தை அங்கேயே எழுதி அனுப்பினார். 1940 ஆகஸ்டில் தீர்ப்புகள் வாசிக்கப்பட்டன. பிஸ்வாஸ் கீழ்நீதிமன்றத்தின் முடிவு சரி என்றார். லாட்ஜ் தவறு என்றார். வாதி தம் அடையாளத்தை நிறுவவில்லை, மேல்முறையீடு அனுமதிக்கப்பட வேண்டும் என்பது அவர் முடிவு. ஒருவருக்கொருவர் என்று நின்றுவிட்டது. கடல் கடந்து வந்த தாள்களில் காஸ்டெல்லோ பாசுவின் முடிவை உறுதி செய்திருந்தார்.

இந்தப் பிளவை எப்படிப் புரிந்துகொள்வது? பார்த்தா சாட்டர்ஜி 2002இல் வெளியிட்ட நூல் இவ்வழக்கு பற்றிய ஆய்வுகளில் தலையாயது. இந்தியப் பதிப்பின் துணைத்தலைப்பு இதை இந்தியத் தேசியத்தின் மறைவான வரலாற்றோடு இணைத்தது. ஆங்கிலேய அதிகாரிகள் போலி என்று முத்திரை குத்திய ஒருவரை இந்திய நீதிபதிகள் உண்மையானவர் என்று அறிவித்ததில், ஆட்சிப் பொறிக்குள்ளேயே நடந்த அமைதியான அதிகார மாற்றத்தை அவர் காண்கிறார். பாசுவையும் பிஸ்வாஸையும் ஒரு பக்கமும், லிண்ட்சேயையும் லாட்ஜையும் மறுபக்கமும் வைத்தால் படம் அழகாகப் பொருந்துகிறது. (பிஸ்வாஸ் பின்னாளில் நேரு அமைச்சரவையில் சட்ட அமைச்சரானார் என்பதும் படத்துக்கு வண்ணம் சேர்க்கும்.) காஸ்டெல்லோ மட்டும் அந்தப் படத்தில் உட்கார மறுக்கிறார். அவரும் ஆங்கிலேயர், அவர் போட்ட வாக்கு வாதிக்கு.

காஸ்டெல்லோவை விளக்க இனத்தை விட நடைமுறையே உதவும். சாட்சிகளை நேரில் கண்டு கேட்ட நீதிபதிக்கு, காகிதம் மட்டும் படிப்பவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. அவர் முடிவைக் கவிழ்க்க வேண்டுமானால் அது தவறு என்று காட்டும் சுமை மேல்முறையீட்டாளருடையது. ஆங்கிலச் சட்டத்தில் நன்கு வேரூன்றிய இந்தக் கொள்கையின் மேல்தான் அவர் நின்றார். பக்கங்களையே முழுமையான உலகமாகக் கொண்டு படித்தால் நம்ப முடியாதவை பல தென்படும். மழையில் கைவிட்ட பிணம், உயிர்ப்பித்த சாதுக்கள், தப்பிய நினைவு, ஒத்திகை பார்த்தது போன்ற நூற்றுக்கணக்கான குடியானவர் சாட்சியங்கள். லாட்ஜ் அப்படிப் படித்தார். பக்கங்களை, வேறொருவர் கேட்டவற்றின் மிச்சம் என்று கொண்டு படித்தால், கேட்டவரின் சொல்லுக்கு எடை கூடும். இருவரும் படித்தது ஒரே பேப்பர் புக். வாக்குமூலத்தின் ஆங்கிலத்தில் காணாமற்போன ஒலியை ஒருவர் இல்லாத பொருளாகக் கருதினார். மற்றவர் அது டாக்காவில் இருந்தது, தம் கைக்கு எட்டவில்லை என்று கருதினார். அகதி விண்ணப்பதாரர்களின் பேச்சை வைத்து நாட்டைக் கண்டறியும் முறைக்கு 2004இல் மொழியியலாளர்கள் நெறிமுறை வகுத்தபோது எழுப்பிய கேள்விகளும் இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. யார் கேட்டது, எந்தப் பதிவிலிருந்து, எவ்வளவு உறுதியோடு?

காஸ்டெல்லோவின் தாள்களுக்குச் சட்டத் தகுதி உண்டா என்ற தகராறு அடுத்து எழுந்தது. இந்தியாவில் இல்லாத ஒருவர் எழுதி அனுப்பியது தீர்ப்பா, வெறும் கருத்தா? தொடரின் கதாசிரியர் ஒருவர் இப்படி எழுதியிருந்தால் செயற்கை என்று தள்ளிவிடுவோம். ஆனால் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு முன்பே இதற்கு விடை வைத்திருந்தது. கீழ்நீதிமன்றத் தீர்ப்பாணையை மாற்றப் பெரும்பான்மை இல்லையென்றால் அது உறுதி செய்யப்பட வேண்டும். காஸ்டெல்லோவைச் சேர்த்தால் இரண்டுக்கு ஒன்று. நீக்கினால் ஒன்றுக்கு ஒன்று. எப்படிக் கணக்கிட்டாலும் வாதிக்கே வெற்றி. 1940 நவம்பர் 25 அன்று மேல்முறையீடு தள்ளுபடியான ஆணை பிறந்தது.

பிபாவதி விடவில்லை. லண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றார். குண்டுவீச்சும் போரும் தாமதப்படுத்த, 1945இல் விசாரணை நடந்தது. வாதிக்காக டி. என். பிரிட் வாதாடினார். மூவர் அமர்வில் லார்டு தாங்கர்ட்டன், லார்டு டு பார்க் ஆகியோருடன் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி சர் மாதவன் நாயரும் இருந்தார். தமிழ் வாசகர்கள் இதே காலத்தின் இன்னொரு வழக்கை நினைவுகூரலாம். லட்சுமிகாந்தன் கொலை வழக்கும் சென்னையிலிருந்து இதே பிரிவி கவுன்சிலுக்குப் போனது. அங்கே அது திருப்பியனுப்பப்பட்டதால்தான் 1947 ஏப்ரலில் தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் விடுதலையாக முடிந்தது. பாவாலுக்குப் பிரிவி கவுன்சில் தந்தது நேர்மாறான விடை. 1946 ஜூலை 30 அன்று, சான்றுகளை மூன்றாம் முறையாக எடைபோட மாட்டோம் என்றது. உண்மை நிலை பற்றி இரு நீதிமன்றங்கள் ஒத்த முடிவுக்கு வந்துவிட்டால், நீதிப் பிறழ்வோ நடைமுறை மீறலோ இல்லாதவரை அதில் கைவைப்பதில்லை. ஒத்திருக்க வேண்டியவை நீதிமன்றங்கள். அவற்றில் அமர்ந்த நீதிபதிகள் அனைவரும் ஒத்திருக்கத் தேவையில்லை. ஆகவே லாட்ஜின் மறுப்பால் எதுவும் மாறவில்லை.

தந்தி கல்கத்தாவை எட்டியது. வென்றவர் கார்ன்வாலிஸ் தெருவில் உள்ள டன்டனியா காளி கோயிலுக்கு வழிபடச் சென்றார். அங்கே பக்கவாதம் தாக்கியது. சில நாள்களில் இறந்தார். ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தா பற்றியெரியத் தொடங்கியது. ஓராண்டில் வங்காளமே இரண்டாகப் பிளந்தது. கிழக்கு வங்காளத்தில் 1950இல் வந்த சட்டம் ஜமீன் முறையையே ஒழித்தது. இருபத்தைந்து ஆண்டுகள் யாருடையது என்று சண்டையிட்ட மூன்றிலொரு பங்கு எவருடையதும் இல்லாமல் போயிற்று. ஜெய்தேப்பூர் அரண்மனையில் இப்போது காஜிப்பூர் மாவட்ட நிர்வாக அலுவலகம் இயங்குகிறது.

இந்தியச் சட்ட மாணவர்கள் ‘பிபாவதி தேவி எதிர் ரமேந்திர நாராயண் ராய்’ என்ற பெயரை இன்றும் படிக்கிறார்கள். ஒத்த முடிவுகளில் மேல்நீதிமன்றம் எப்போது தலையிடலாம் என்பதற்கான மேற்கோளாக அது வருகிறது. பாடப்புத்தகத்தில் அதற்கு ஒதுக்கியிருப்பது பெரும்பாலும் ஒரு பத்தி. அந்தப் பத்தியில் சாமியார் இல்லை, யானை இல்லை, அலோகா என்ற செவிலித்தாயும் இல்லை. வழக்கின் பெயரிலேயே வாதி ரமேந்திர நாராயண் ராய் என்று அச்சாகியிருப்பதைக் கவனித்து, அப்படியானால் அவர் யார் என்று கேட்கும் மாணவருக்குப் பதினோராயிரம் பக்கங்கள் காத்திருக்கின்றன. எல்லாம் ஆங்கிலத்தில்.